இயற்பழித்தலும் இசை இரசிகரும்: குறைகூறும் அன்பின் துறை

ஆய்வுச்சுருக்கம்

தாம் போற்றும் இசைக்கலைஞரைப் பற்றி ஓயாது குறைகூறும் இரசிகரின் பேச்சு பெரும்பாலும் நன்றிகேடாகவோ விமர்சனமாகவோ கொள்ளப்படுகிறது. அகப்பொருள் மரபின் ‘இயற்பழித்தல்’ என்னும் கருத்தாக்கத்தைக் கொண்டு அப்பேச்சை இக்கட்டுரை அணுகுகிறது. திருத்தணி வட்டாரப் பக்தி மரபு, தமிழிசை இயக்கம், ‘சிந்து பைரவி’ திரைப்படம், இளையராஜா, ஏ.ஆர். ரகுமான் ஆகியோரின் இரசிகர் முறையீடுகள் ஆகியன சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: இயற்பழித்தல், இயற்பட மொழிதல், சிறைப்புறம், வரைவு கடாதல், இரசிகர், திரையிசை.

முன்னுரை

ஒரு கலைஞரிடம் குறை காண்பவர்களுள் அவரை வெறுப்பவர்கள் மிகச் சிலரே. வெறுப்பவர் ஒருமுறை கேட்டு ஒதுக்கிவிட்டு வேறு பாட்டுக்குப் போய்விடுகிறார். புதிய பாடல் வெளிவந்த அன்றே கேட்டு, பத்துமுறை கேட்டு, ஒவ்வொரு முறையும் ‘முன்புபோல் இல்லை’ என்று சலித்துக்கொள்பவர் இரசிகரே. ‘அன்னக்கிளி’ (1976) தொடங்கி இளையராஜாவைப் பின்தொடர்ந்தவர்களிடமும், ‘ரோஜா’ (1992) தொடங்கி ரகுமானைப் பின்தொடர்ந்தவர்களிடமும் இச்சலிப்பை ஒரே சொற்களில் கேட்கலாம். முன்னவர்கள் ரகுமானைப் பற்றிச் சொன்ன குறைகளை இன்று ரகுமானின் இரசிகர்களே அவரைப் பற்றிச் சொல்கின்றனர்: சொல் தெளிவாகக் கேட்கவில்லை, கருவிகள் குரலை மூடுகின்றன, பாட்டு நெஞ்சில் நிற்கவில்லை.

போட்டியாளரைக் குறைகூறுவது கட்சிப் பேச்சு; அதில் ஆராய அதிகம் இல்லை. தம்முடையவரைக் குறைகூறுவதே புதிர். குறை இவ்வளவு இருந்தும் இரசிகர் ஏன் விலகுவதில்லை என்ற வினாவுக்கு ‘பழக்கம்’, ‘கடந்தகால ஏக்கம்’ என்னும் விடைகள் எளிதில் கிடைக்கின்றன. அவை பாதி உண்மை. மறுபாதியை விளக்கும் கலைச்சொல் தமிழ் இலக்கண மரபில் ஏற்கெனவே இருக்கிறது.

தோழி பழிப்பதும் தலைவி மறுப்பதும்

களவு நீள்கிறது, தலைவன் வரைந்துகொள்ளாமல் காலம் தாழ்த்துகிறான். தோழி அவன் இயல்பைப் பழிக்கிறாள். அவன் நிலையற்றவன், அன்பில்லாதவன் என்பது அவள் பேச்சின் சாரம். இதுவே இயற்பழித்தல். உடனே தலைவி, அவன் அத்தன்மையன் அல்லன் என்று அவன் இயல்பை உயர்த்திப் பேசுகிறாள். அது இயற்பட மொழிதல். தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை 3ஆம் பாடலின் துறைக்குறிப்பு இவ்விரண்டையும் ஒருங்கே தருகிறது. தலைவன் சிறைப்புறத்தானாக நிற்க, அவன் வரைந்துகொள்வதை வேண்டித் தோழி பழித்தாள். தலைவி இயற்பட மொழிந்தாள் என்பது அக்குறிப்பின் பொருள். நிலம், வான், கடல் ஆகியவற்றைவிடப் பெரியது அந்த நட்பு என்று போற்றும் பாடலாக இன்று தனியே படிக்கப்படுவது, துறைக்குறிப்பின்படி ஒரு பழிப்புக்கு எழுந்த மறுமொழி. குறிப்புகள் பாடலுக்குப் பிற்பட்டவை என்பது உண்மையே. எனினும், இத்தகைய புகழ் ஒரு பழிப்புக்கு எதிரே நின்றால்தான் பொருந்தும் என்று அவற்றை வகுத்தவர்கள் கருதியது கவனிக்கத்தக்கது.

இத்துறையில் மூன்று கூறுகள் இன்றியமையாதன. பழிப்பவள் தலைவனின் பகையல்லள். அவன் வரவை அவளும் விரும்புகிறாள். அவள் பேச்சு தலைவியை நோக்கியது போலத் தோன்றினும், வேலிக்கு அப்பால் நிற்பவன் செவிக்கே குறிவைக்கிறது. அப்பழிப்புக்குத் திட்டவட்டமான ஒரு கோரிக்கை உண்டு: வரைவு. மூன்றாவதாகிய இதுவே தோழியின் பேச்சைப் புலம்பலிலிருந்து பிரிக்கிறது. அவள் தலைவன் பழையபடி மாறவேண்டும் என்று கேட்கவில்லை. அடுத்து அவன் செய்யவேண்டிய ஒன்றைக் கேட்கிறாள்.

இசை இரசிகரிடத்தில் தோழியும் தலைவியும் ஒருவரே. தம்மவர் நடுவே பழிப்பவர், அயலார் பழித்தால் இயற்பட மொழியத் தொடங்குகிறார். 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்கு ரகுமான் அமைத்த மையநோக்குப் பாடல் மேலைச்சாயல் மிகுந்தது என்ற கண்டனத்துக்கு உள்ளானபோது இத்திருப்பம் புலப்பட்டது. அவர் வடக்கே போய்விட்டார் என்று அதுவரை முறையிட்டவர்களே அப்பாடலுக்கு வழக்குரைஞர் ஆயினர். இதனை முரண்பாடு என்று நகைப்பதற்கில்லை. பழிப்பு உள்வீட்டு உரிமை. அயலாருக்கு அவ்வுரிமை கிடையாது. (திரையுலக இரசிகர்கள் தம் நாயகரைத் ‘தலைவர்’ என்றே அழைப்பது தற்செயலாயினும் துறைக்குப் பொருந்திவருகிறது.)

தணிகைச் சாரலில்

குறைகூறும் அன்பு அகத்திலிருந்து பக்திக்குப் பெயர்ந்ததற்கு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலேயே இரு வலுவான சான்றுகள் உண்டு.

முதலாவது சுந்தரருடையது. சங்கிலியாருக்குத் திருவொற்றியூரில் கொடுத்த உறுதியை மீறி ஆரூருக்குப் புறப்பட்டதால் கண்ணொளி இழந்த அவர், வழியில் திருவெண்பாக்கத்தை அடைகிறார். கோயிலில் இருக்கிறீரா என்று வினவியவருக்கு, இருக்கிறோம், நீர் போகலாம் என்னும் பொருள்பட விடை கிடைக்கிறது. கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல் ஒன்று கிடைக்கிறது. அவ்வூரின் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கி, இறைவன் இடம்பெயர்ந்து இன்று பூண்டியில் ஊன்றீசுவரராக இருக்கிறார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறுகண்ணும் பெறும்வரை அவர் பாடிய பதிகங்கள் தமிழின் மிகக் கடுமையான முறையீடுகள். ஆரூர்ப் பதிகத்தில் அவர் இறைவனை ஏசுவதை உரையாசிரியர்கள் தோழமையின் உரிமையாகக் கொள்கின்றனர். சேக்கிழார் இதற்குத் தொடக்கத்திலேயே அடித்தளம் இடுகிறார். வெண்ணெய்நல்லூரில் வன்மை பேசி வழக்காடியதால் ‘வன்தொண்டன்’ என்ற பெயரை இறைவனே சூட்டுகிறான். பித்தன் என்று ஏசிய சொல்லையே முதற்சொல்லாக வைத்துப் பாடப் பணிக்கிறான். ஏச்சே அருச்சனைக்கு முதலாகிறது.

இரண்டாவது திருத்தணி முருகன்மீது இராமலிங்க அடிகள் (1823–1874) பாடியவை. பதிகத் தலைப்புகளே ஒரு முறையீட்டு மனுவின் பகுதிகள்போல் அமைந்துள்ளன: குறையிரந்த பத்து, முறையிட்ட பத்து, பொறுக்காப் பத்து, காணாப் பத்து. இங்குக் கோபம் சுந்தரரிடம் இருக்கும் அளவுக்கு இல்லை. ஆனால், காணாமையையே ஒரு பதிகத்தின் பொருளாக்கும் துணிவு இருக்கிறது. கிடைக்காத ஒன்றைப் பற்றி, அது கிடைக்கவில்லை என்பதை மட்டுமே கொண்டு பாடமுடியும் என்பதற்குக் காணாப் பத்து எடுத்துக்காட்டு. இளையராஜா இரசிகரின் மிக நீண்ட குறை ஒன்றைப் புரிந்துகொள்ள இது பின்னர் உதவும்.

பக்திக்கும் இரசனைக்கும் இடையிலான வேறுபாட்டையும் இங்கேயே குறிக்க வேண்டும். தணிகைமுருகன் மாறுவதில்லை, அவன் தரவில்லை என்பதே அடியாரின் குறை. கலைஞர் மாறுகிறார், முதுமை எய்துகிறார், வேறொன்றைத் தருகிறார். இரசிகரின் குறை பெரும்பாலும் இந்த ‘வேறொன்று’ பற்றியது. ஆகவே, பக்தியின் மொழியை அப்படியே கடன்வாங்கும் இரசிகர், தம் கலைஞரை மாறக்கூடாத தெய்வமாக்கிவிடும் அபாயம் இருக்கிறது.

எல்லையோரச் செவி

எந்த மொழியில் பாடுவது என்ற குறை தமிழ் இசை இரசிகரின் குறைகளுள் மிகப் பழையது. திருத்தணிப் பகுதிக்கு இவ்வினா ஊரோடு ஒட்டியது. ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, நீண்ட எல்லைப் போராட்டத்தின் பின் 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை முதலிய நெசவூர்கள் இன்றும் இருமொழிச் செவியுடையவை. இவ்வட்டாரத்தில் ஒரு பாட்டின் தமிழ் வடிவமும் தெலுங்கு வடிவமும் ஒரே தெருவில் கேட்கக் கூடும். விசைத்தறியின் இடையறாத ஓசைக்குள் பாட்டுக் கேட்பவருக்குச் சொல் தெளிவு என்பது தேவை. இரசனை நுட்பம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ‘சொல் கேட்கவில்லை’ என்ற குறையைப் பழைமைவாதம் என்று தள்ளும் திறனாய்வாளர், அமைதியான அறையில் நல்ல ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து எழுதுகிறார் என்று கொள்ளலாம்.

1930களில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் இசை விமரிசனம் எழுதிய கல்கி, தாம் மனமுருகிக் கேட்ட வித்துவான்களையே தமிழ்ப் பாடல்களைக் கச்சேரி முடிவில் துக்கடாவாக ஒதுக்குவதற்காகக் குறைகூறினார். அவர் சபாவை விட்டு வெளியேறவில்லை. முன்வரிசையில் இருந்து பழித்தார். அவர் வேண்டியது தெளிவானது, எண்ணிக்கையில் சொல்லத்தக்கது: கச்சேரியில் தமிழ்ப் பாடல்கள் மிகுதல். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியதும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் ஒருவர் எழுத்தால் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. ஆயினும், இரசிகரின் முறையீடு வரைவு கடாதலாக முதிர்ந்தால் நிறுவனம் ஒன்றை எழுப்பமுடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று தமிழில் இல்லை.

இவ்வரலாற்றைக் கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ (1985) ஒரு காட்சியில் சுருக்குகிறது. புகழ்பெற்ற பாடகர் ஜே.கே.பி.யின் கச்சேரியில் எழுந்து நின்று, புரியாத மொழியில் ஏன் பாடுகிறீர் என்று சிந்து கேட்கிறாள். அவர் அவளை மேடைக்கு அழைக்கிறார். அவள் பாடத் தொடங்கும் நாட்டுப்புறப் பாடல், சாரமதி இராகத்தில் தியாகராசரின் கீர்த்தனையில் போய் முடிகிறது. இக்காட்சியைத் தமிழிசைக்கு ஆதரவான வாதமாக மட்டும் படிப்பது போதாது. சிந்து அவரை நன்றாக அறிந்த இரசிகை. அவள் பழிப்பு அவளை மேடைக்கும், பின்னர் அவர் வாழ்வுக்குள்ளும் கொண்டுசெல்கிறது. பாலசந்தர் அறிந்தோ அறியாமலோ இயற்பழித்தலின் கதையமைப்பை அப்படியே எடுத்துள்ளார்: சிறைப்புறத்தில் நிற்க வேண்டியவன் இங்கு மேடையில் அமர்ந்திருக்கிறான். படத்தின் பலவீனமும் இங்கேயே தொடங்குகிறது. கோரிக்கை நிறைவேறியதும் இசை பற்றிய வாதம் பின்னுக்குப் போக, எஞ்சிய கதை உறவுச் சிக்கலாகச் சுருங்குகிறது. இசையின் பொருட்டுப் பழித்தவளைப் படம் தலைவியாக மட்டும் கொள்கிறது, தோழியை இழந்துவிடுகிறது.

இப்படத்துக்காக இளையராஜா தேசிய விருது பெற்றார். அவருடைய முதல் மூன்று தேசிய விருதுகளுள் ஏனைய இரண்டும், ‘சாகர சங்கமம்’ (1983), ‘ருத்ரவீணா’ (1988) என்னும் தெலுங்குப் படங்களுக்கு உரியவை. முன்னது ‘சலங்கை ஒலி’யாக மொழிமாற்றம் பெற்றது, பின்னது ‘உன்னால் முடியும் தம்பி’யாக மீளப் படமானது. தமிழ்க் கலைஞரின் சிறந்த பாடல்கள் சில வேறு மொழியின் வாயசைவுக்குள் பிறந்தவை என்பது ஒற்றைமொழி இரசிகருக்குக் குறை. இருமொழிச் செவிக்கு அது குறையாகவே படாது.

கேளாத சிம்பொனி

1993இல் இலண்டனில் இராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு, ஜான் ஸ்காட் நடத்த, இளையராஜாவின் சிம்பொனி ஒன்றை ஒலிப்பதிவு செய்தது. அது பொதுவெளியீடு காணவில்லை. ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ‘நத்திங் பட் விண்ட்’ (1988) ஆகியவற்றின் அடுத்த படி என்று காத்திருந்தவர்களுக்கு அவ்வொலிநாடா ஒரு நிலையான குறையாயிற்று. 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவுடன் ‘திருவாசகம்’ வந்தபோதும் அக்குறை தீரவில்லை. 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் ‘வேலியண்ட்’ என்னும் வேறொரு சிம்பொனி அதே இராயல் பில்ஹார்மோனிக் குழுவால் அரங்கேறியது. முப்பதாண்டுக் காத்திருப்புக்கு ஒருவகை விடை அது. ஆயினும் ‘1993இல் பதிந்தது எங்கே’ என்ற வினா அப்படியே நிற்கிறது.

கேளாத படைப்பை விமரிசிக்க முடியாது. குறைகூற மட்டுமே முடியும். இரசிகர் மரபு அந்தக் கேளாமையின்மேல் ஊகங்களையும் பெருமிதத்தையும் ஏமாற்றத்தையும் அடுக்கியிருப்பது, காணாப் பத்தின் இயக்கத்தை ஒத்தது. அதே வேளை, இக்குறை ‘பழைய இராஜா இல்லை’ என்ற சலிப்பிலிருந்து அடிப்படையில் வேறுபடுகிறது. முன்னதற்குக் கோரிக்கை உண்டு: வெளியிடுக என்பது. பின்னதற்கு இல்லை. எண்பதுகளின் பாட்டை மீண்டும் தருக என்று கேட்பவருக்கு எண்பதுகளின் பாடல்கள் ஏற்கெனவே கைவசம் இருக்கின்றன; அவர் வேண்டுவது அவற்றைக் கேட்ட வயது. அதைத் தலைவன் தரமுடியாது.

2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் வெளிநாட்டு மேடைகளில் பொன்விழாப் பயணம் மேற்கொண்டிருந்தபோது, அனுமதியின்றித் தம் பாடல்களைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வழக்குரைஞர் அறிவிக்கை சென்றது. இருவருக்கும் இரசிகரானவர்களுக்கு இது கடும் சோதனை. பெரும்பாலோர் இளையராஜாவைப் பழித்தனர். அப்பழிப்பின் அடியில் இருந்த வாதம், ‘பாட்டு எங்களுடையது’ என்பது. இங்கு இரசிகர் பக்கம் நிற்க இயலாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் திரைப்பாடல்களில் படைப்பாளருக்குரிய பங்கை வலுப்படுத்தியது. அதற்கு முன் நெடுங்காலம் இசையமைப்பாளர் பலர் ஒருமுறை ஊதியத்துடன் உரிமை இழந்தனர். கேட்டுக் கேட்டுத் தம்முடையதாக்கிக்கொண்ட பாட்டுக்கு இரசிகர் கொண்டாடும் உரிமை உணர்வளவில் உண்மையே. அதனால் அது பதிப்புரிமை ஆகிவிடாது. தோழி ‘என் தலைவன்’ என்று சொல்வதில்லை. அறிவிக்கை அனுப்பிய முறை, நட்பு பாராட்டாமை ஆகியவற்றைப் பழிப்பது ஒன்று. உரிமையைக் கோரியதையே பழிப்பது வேறு. அன்றைய பேச்சில் இவ்விரண்டும் பிரிக்கப்படவே இல்லை.

சீட்டு வாங்கியவர்

2017 சூலை 8இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் ரகுமானின் ‘நேற்று இன்று நாளை’ நிகழ்ச்சியின்போது, தமிழ்ப் பாடல்கள் மிகுந்துவிட்டன என்று இந்திப் பாடல்களை எதிர்பார்த்து வந்த சிலர் எழுந்து வெளியேறினர். பணத்தைத் திருப்பிக் கேட்டனர். நிகழ்ச்சியின் பெயரே தமிழில் இருந்தது. கல்கியின் காலத்துக் குறை இங்குத் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆனால், வடிவம் ஒன்றன்று. வெளியேறியவர் தோழியின் இடத்தில் இல்லை. அவர் பண்டம் வாங்கியவர். அவர் குறைக்கு நியாயம் இருக்கிறதா என்பதை விளம்பரம் என்ன வாக்களித்தது என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்; அன்பைக் கொண்டு அன்று.

2023 செப்டம்பர் 10இல் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி இவ்வேறுபாட்டின் மறுபக்கத்தைக் காட்டிற்று. மழையால் ஒருமுறை தள்ளிவைக்கப்பட்ட அந்நிகழ்ச்சிக்குச் சீட்டு வைத்திருந்தும் பலர் உள்ளே நுழைய முடியவில்லை. நெரிசலில் பெண்கள் தொல்லைக்கு உள்ளாயினர். குழந்தைகளுடன் வந்தவர்கள் திரும்பினர். ரகுமான் வருத்தம் தெரிவித்து, நுழைய முடியாதவர்களின் சீட்டுகளைக் கோரிப் பெற்றுத் தொகையைத் திருப்பியளிக்க முன்வந்தார். இங்குக் கவனிக்க வேண்டியது இரசிகர்களுள் ஒரு பகுதியினரின் எதிர்வினை. முறையிட்டவர்களை நோக்கி, உண்மையான இரசிகர் இப்படிப் பேசுவாரா என்று கேட்டனர். இயற்பட மொழிதல் தவறான இடத்தில் பயின்ற நிலை அது. வாயிலில் நசுங்கியவர் கலைஞரின் இயல்பைப் பழிக்கவில்லை. கூட்ட ஒழுங்கின்மையைச் சுட்டினார். அவரை அன்பின் பெயரால் வாயடைத்தவர்கள் தலைவியைப் போலப் பேசினாலும், விளைவு ஏற்பாட்டாளருக்கே சாதகமாயிற்று. அன்பு, நுகர்வோர் குறையைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமாக மாறுவது இரசிகர் பண்பாட்டின் மிகக் கெட்ட கூறு. சீட்டு வாங்கியவர் இரசிகராகவும் இருப்பதால் அவர் வாங்கியவர் அல்லர் என்றாகிவிடாது.

ஒற்றைத் தலைவன்

இயற்பழித்தலில் ஒரு தலைவன்தான் உண்டு. திரையிசை அப்படி உருவாவதில்லை. எண்பதுகளின் பாடல்களில் இரசிகர் ஏங்கும் ‘அந்த ஒலி’ வயலின், புல்லாங்குழல், கிதார், தபேலா வாசித்த பல கைகளால் ஆனது. தொண்ணூறுகளில் மின்னிசைக் கருவிகள் அவ்விடத்தைப் பிடித்தபோது, ‘கணினி இசை’ என்று குறைகூறியவர்கள் அதனை இளையராஜாவும் ரகுமானும் செய்த பிழையாகவே பேசினர். ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை குறைந்த வாத்தியக்காரர்கள் அக்குறையில் இடம்பெறவில்லை. அவர்கள் பெயர்கள் பெரும்பாலும் ஒலிநாடா உறையிலும் படத்தின் எழுத்து அட்டையிலும் இல்லாததே காரணம். ரகுமான் தம் தொகுப்புகளின் உறைத்தாளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடத் தொடங்கியது ஒரு மாற்றம். அதற்கு முன் வந்த நூற்றுக்கணக்கான படங்களுக்கு அத்தகைய பட்டியல் இரசிகரின் நினைவிலும் சில வாத்தியக்காரர்களின் பேட்டிகளிலும் சிதறியே கிடக்கிறது. ‘இந்தப் பாட்டில் அந்தக் குழல் இப்போது ஏன் இல்லை’ என்று அம்மையார்குப்பத்திலோ வெம்பிளியிலோ முறையிடும் இரசிகர், அக்குழலை வாசித்தவர் யார் என்று ஒருமுறை கேட்டிருந்தால், அவர் குறைக்கும் ஒரு கோரிக்கை கிடைத்திருக்கும்.